கண் தெரியாதவரின் கையில் ஒரு சாம்பியன்



நம் வளாகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும் கூட்டம் இந்த ஆண்டு பெரிதாகிவிட்டது. எட்டரை மணிக்குத் திரும்பி வந்து கேட் அருகே நிற்கும்போது பேச்செல்லாம் கால் வலியைப் பற்றித்தான். வெந்நீர் ஊற்றி, எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிட்டால் போதும் என்கிறார் ஒருவர். அதெல்லாம் வீண் செலவு, இரண்டு நாளில் தானாகச் சரியாகும் என்கிறார் இன்னொருவர். வங்கியில் முப்பத்தைந்து வருடம் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவன் நான். இப்போதுதான் பழைய சைக்கிளைத் துடைத்து, இரண்டாவது சிக்னல் வரை போய் வருகிறேன். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இந்த விவாதத்தைக் கேட்கும்போதெல்லாம், நான் படித்த ஒருவரின் வாழ்க்கை நினைவுக்கு வருகிறது. அவர் இத்தாலி நாட்டு சைக்கிள் வீரர் ஃபௌஸ்டோ கோப்பி. அவர் கதையைச் சொல்ல வேண்டுமானால், அவர் கால்களைப் பிடித்துவிட்ட மனிதரின் கதையையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

கோப்பி பிறந்தது 1919 செப்டம்பர் 15. வடக்கு இத்தாலியில் பியட்மான்ட் பகுதியில் காஸ்தெல்லானியா என்ற சிறிய மலைக் கிராமம். விவசாயக் குடும்பம், ஐந்து பிள்ளைகள். ஃபௌஸ்டோ நான்காவது, கடைக்குட்டி தம்பி செர்சே. பையனுக்குப் படிப்பில் நாட்டமில்லை, வயல் வேலைக்கும் உடம்பு ஒத்துழைக்கவில்லை. பதின்மூன்று வயதில் நோவி லிகுரே என்ற ஊரில் ஓர் இறைச்சிக் கடையில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். சைக்கிளில் வீடு வீடாகப் போய் இறைச்சி கொடுத்துவிட்டு வருவதுதான் வேலை. அந்த மேட்டுச் சாலைகளில் பாரம் ஏற்றி மிதித்த மிதிதான் அவருக்கு முதல் பயிற்சி. கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா ஒருவர் பணம் கொடுத்து உதவ, பந்தய சைக்கிள் ஒன்று கைக்கு வந்தது.

நோவி லிகுரே சாதாரண ஊர் அல்ல. இத்தாலியின் முதல் பெரிய சைக்கிள் நட்சத்திரமான கோஸ்தாந்தே ஜிரார்தெங்கோ அந்த ஊர்க்காரர். அவருக்கு உடம்பு பிடித்துவிட்டவர் அதே ஊரைச் சேர்ந்த பியாஜோ கவான்னா. கவான்னா 1893-இல் பிறந்தவர். இளமையில் குத்துச்சண்டை போட்டவர், கனத்த உடம்பு, பெரிய கைகள். 1930-களில் அவருக்குக் கண் பார்வை முழுவதும் போய்விட்டது. வேறொருவராக இருந்தால் தொழிலை மூட்டை கட்டியிருப்பார். கவான்னாவுக்கோ பார்வை போன பிறகு கைகளே கண்களாகிவிட்டன. கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியுமாக அவர் உட்கார்ந்திருக்க, தங்கள் உடம்பை அவர் தொட்டுப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இளைஞர்கள் வீடு தேடி வந்தார்கள்.

அப்படிப் போய் நின்றவர்களில் ஒருவர்தான் இறைச்சிக் கடைப் பையன் ஃபௌஸ்டோ. பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. மெலிந்த உடம்பு, நீளக் கால்கள், கூரிய மூக்கு, எளிதில் உடையும் எலும்புகள். பின்னாளில் நாரை என்றே அவருக்குச் செல்லப் பெயர் வைத்தார்கள். கண்ணால் பார்த்தவர்கள் இவன் எங்கே ஜெயிக்கப் போகிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள். கவான்னாவால் பார்க்க முடியாது, அதுவே நல்லதாகப் போயிற்று. கையால் தடவிப் பார்த்தார். விரிந்த மார்புக்கூடு, நிதானமாக அடிக்கும் இதயம், நீண்டு இளகிய தசைகள் இருப்பதைத் தெரிந்துகொண்டார். பையனை ஏற்றுக்கொண்டார். லெக்னானோ என்ற சைக்கிள் நிறுவனத்தின் அணிக்கு அவரைப் பரிந்துரைத்ததும் கவான்னாதான்.

1940-ஆம் ஆண்டு ஜிரோ டி இத்தாலியா பந்தயம். இத்தாலியைச் சுற்றி மூன்று வாரம் ஓடும் பந்தயம் இது. லெக்னானோ அணியின் தலைவர் அப்போதே புகழின் உச்சியில் இருந்த ஜினோ பார்தாலி. கோப்பி அவருக்குத் துணை வீரர் மட்டுமே. தலைவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது, காற்றைத் தடுத்து முன்னால் ஓட்டுவது, டயர் போனால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பது, இவைதான் துணை வீரரின் வேலை. ஆனால் இரண்டாம் நாளே குறுக்கே வந்த நாயின் மீது மோதி பார்தாலி விழுந்து அடிபட்டார். சில நாட்கள் கழித்து மலைப்பாதையில் கோப்பி தனியாக முன்னேறி முதலிடத்தைப் பிடித்தார். பார்தாலியும் தன் பங்குக்கு அவருக்கு உதவி செய்தார். ஜூன் 9-ஆம் தேதி பந்தயம் முடிந்தபோது வென்றவர் கோப்பி. வயது இருபது. அந்தப் பந்தயத்தை அதைவிட இளம் வயதில் யாரும் இன்றுவரை வென்றதில்லை. மறுநாள், ஜூன் 10, இத்தாலி உலகப் போரில் இறங்கியது.

போர் அவருடைய நல்ல ஆண்டுகளைத் தின்றுவிட்டது. 1942 நவம்பர் 7-ஆம் தேதி, மிலான் நகரின் மீது குண்டு விழுந்துகொண்டிருந்த காலத்தில், அங்குள்ள விகோரெல்லி மைதானத்தில் ஒரு மணி நேர உலக சாதனைக்கு முயன்றார். ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 45.8 கி.மீ. ஓட்டினார். பழைய சாதனையைவிட 31 மீட்டர்தான் கூடுதல். ஆனாலும் 1956 வரை பதினான்கு ஆண்டுகள் அதை யாராலும் முறியடிக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு அவரை ராணுவத்தில் வட ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். துனிசியாவில் பிரிட்டிஷ் படையிடம் பிடிபட்டு, போர்க் கைதியாகவே நாட்களைக் கழித்தார்.

1945-இல் விடுதலையாகி ஊர் திரும்பியவர் நேராகப் போனது மீண்டும் கவான்னாவின் கைகளுக்குத்தான். 1946 மார்ச் 19-ஆம் தேதி மிலான் – சான் ரெமோ பந்தயத்தில், இரண்டாவதாக வந்தவரைவிட 14 நிமிடங்கள் முன்னதாக வந்து சேர்ந்தார். போரில் நொறுங்கிக் கிடந்த நாடு அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது.

கவான்னா செய்தது வெறும் எண்ணெய் தேய்க்கும் வேலை அல்ல. நோவியில் அவர் ஒரு பள்ளிக்கூடம் போலவே நடத்தினார். இளம் வீரர்களைத் தன் கண்டிப்பில் வைத்து, விடியற்காலையில் எழுப்பி, நீண்ட தூரம் ஓட்டவைத்து, நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கவைத்தார். பயிற்சி முடிந்து வந்து படுத்தவுடன் கையை வைத்துப் பார்ப்பார். எந்தத் தசை இறுகியிருக்கிறது, இன்று யார் ஒழுங்காக மிதித்தான், யார் பாதி வழியில் ஏமாற்றினான், யார் அளவுக்கு மீறி உழைத்துவிட்டான் என்பதெல்லாம் அந்தக் கைகளுக்குத் தெரிந்துவிடும். அவரிடம் பொய் சொல்ல முடியாது என்று வீரர்கள் பயந்தார்கள். கோப்பியின் நம்பிக்கைக்குரிய துணை வீரர்களான எத்தோரே மிலானோ, சாந்த்ரினோ கர்ரேயா ஆகியோர் அந்தப் பள்ளியில் உருவானவர்கள். மிலானோ பின்னர் கவான்னாவின் மகளையே திருமணம் செய்துகொண்டார்.

பெரிய பந்தயங்களில் மசாஜ் செய்பவரின் இடம் என்ன என்று புரிந்துகொள்ள 1949-ஆம் ஆண்டைப் பார்த்தால் போதும். அந்த ஆண்டு கோப்பி மே, ஜூன் மாதங்களில் ஜிரோவையும், ஜூன் இறுதியில் தொடங்கிய டூர் டி பிரான்ஸையும் வென்றார். ஒரே ஆண்டில் இரண்டையும் வென்ற முதல் மனிதர் அவர்தான். ஜிரோ சுமார் 4,000 கி.மீ., டூர் 4,800 கி.மீ. ஜிரோவில் கூனெயோவிலிருந்து பினெரோலோ வரை 254 கி.மீ. ஓடிய நாளில் ஐந்து மலைக் கணவாய்கள் குறுக்கிட்டன. அதில் 192 கி.மீ. தூரத்தைக் கோப்பி தனியாகவே ஓட்டி, பார்தாலியைவிடக் கிட்டத்தட்ட 12 நிமிடம் முன்னால் வந்தார். டூரில் ஆரம்பத்தில் விழுந்து, சைக்கிள் உடைந்து, முதலிடத்தில் இருந்தவரைவிட அரை மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கி, ஊருக்குத் திரும்பிவிடுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். எப்படியோ சமாதானப்படுத்தி ஓடவைத்தார்கள். கடைசியில் கிட்டத்தட்ட 11 நிமிட வித்தியாசத்தில் வென்றார்.

அப்படிப்பட்ட ஒரு நாளின் முடிவில் வீரர் சைக்கிளைவிட்டு இறங்கும்போது பகல் முழுவதும் செலவுதான். வரவே கிடையாது. மறுநாள் காலை மீண்டும் 200 கி.மீ. ஓட வேண்டும். வரவு வைக்கக் கிடைப்பது ஒரே ஒரு மாலையும் இரவும். குளியல், சாப்பாடு, மசாஜ், தூக்கம். இந்த நான்கில் எது குறைந்தாலும் மூன்றாம் வாரத்தில் கணக்கு உதைக்கும். மசாஜ் மேசையில் வீரர் அரை மணி நேரத்துக்கும் மேலாக அசையாமல் படுத்திருப்பார். பாதத்திலிருந்து கெண்டைக்கால், தொடை என்று இதயத்தை நோக்கி மேலே மேலே நீவி விடுவார்கள். சைக்கிள் வீரர்கள் காலில் முடி வைத்துக்கொள்ளாததற்கு இந்த எண்ணெய் மசாஜும் ஒரு காரணம். அன்றைய பந்தயத்தைப் பற்றிய கோபமும் பயமும் அழுகையும் வெளியே வருவதும் அந்த மேசையில்தான்.

கோப்பிக்கு அழுவதற்கான காரணங்கள் நிறையவே வந்தன. 1950 ஜிரோவில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. 1951 ஜூன் 29-ஆம் தேதி தூரின் நகரில் நடந்த பந்தயத்தில், தம்பி செர்சேயின் சக்கரம் டிராம் தண்டவாளத்தில் சிக்கி அவர் விழுந்தார். எழுந்து ஓட்டிக்கொண்டு போய்ப் பந்தயத்தை முடித்தார், விடுதிக்கும் திரும்பினார். வெளியே பெரிய காயம் எதுவும் தெரியவில்லை. ஆனால் தலைக்குள் ரத்தக் கசிவு. அன்றே உயிர் போய்விட்டது. சில நாட்களில் தொடங்கிய டூரில், கோப்பி ஒரு நாள் வெயிலில் சுருண்டு, வாந்தி எடுத்து, வென்றவரைவிட அரை மணி நேரத்துக்கும் மேல் பின்னால் வந்தார். கால்கள் அதே கால்கள்தான். மனம் உடைந்திருந்தால் எந்தக் கையாலும் காலுக்குத் தெம்பு ஏற்ற முடியாது.

ஆனால் அடுத்த ஆண்டே எழுந்தார். 1952 டூரில், கவான்னாவின் பள்ளியில் வளர்ந்த கர்ரேயாவுக்கு எதிர்பாராமல் ஒரு நாள் மஞ்சள் சட்டை கிடைத்தது. முதலிடத்தில் இருப்பவர் அணியும் சட்டை அது. நாஜிகளின் புக்கன்வால்ட் முகாமிலிருந்து உயிர் தப்பி வந்தவர் கர்ரேயா. அவரோ தலைவரின் சட்டையைத் தான் போட்டுக்கொண்டோமே என்று கண்ணீர்விட்டு மன்னிப்புக் கேட்டார். மறுநாள் ஆல்ப் டியூயஸ் மலையுச்சியில் கோப்பி வென்று அந்தச் சட்டையை வாங்கிக்கொண்டார். இறுதியில் 28 நிமிடத்துக்கும் அதிக வித்தியாசத்தில் டூர் அவருடையது. 1953-இல் ஐந்தாவது முறையாக ஜிரோவையும், அதே ஆண்டு லுகானோவில் உலக சாம்பியன் பட்டத்தையும் வென்றார். சாம்பியன்களுக்கெல்லாம் சாம்பியன் என்ற பொருளில் காம்பியோனிசிமோ என்று ஜிரார்தெங்கோவை அழைத்து வந்தார்கள். அந்தப் பெயர் இப்போது இன்னொரு நோவிக்காரரின் சீடருக்கு வந்து சேர்ந்தது.

கணக்கில் பற்றுப் பக்கத்தையும் எழுத வேண்டும் அல்லவா? அந்தக் காலத்து வீரர்கள் ஊக்க மாத்திரைகளும் எடுத்துக்கொண்டார்கள். கோப்பியே அதைப் பின்னாளில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். அன்று அதற்குத் தடை இல்லை, தீங்கு என்னவோ இருந்தது. திருமணமான ஒரு பெண்ணோடு அவர் சேர்ந்து வாழ்ந்தது இத்தாலியையே இரண்டாகப் பிரித்தது. அன்றைய சட்டப்படி அது குற்றம் என்பதால் நீதிமன்றம் வரை போனது. எனவே எல்லாமே மசாஜும் தூக்கமும் தந்த வெற்றி என்று நான் சொல்ல வரவில்லை.

அப்படியானால் மசாஜ் உண்மையில் என்ன செய்கிறது? கடுமையாக உழைத்த தசையில் தேங்கும் லாக்டிக் அமிலத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறது என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. அது ஒரு மணி நேரம் போல ஆனாலே உடம்பில் தானாகக் குறைந்துவிடும். மெதுவாக மிதித்தால் இன்னும் சீக்கிரம் குறையும். மறுநாள், அதற்கடுத்த நாள் வரும் வலிக்குக் காரணம் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்ய உடம்பு நடத்தும் வேலையும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தினர் 29 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2020-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். மசாஜ் செய்வதால் பலமோ வேகமோ தாக்குப்பிடிக்கும் திறனோ கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் தசை வலி ஓரளவு குறைகிறது, உடம்பு வளைந்துகொடுப்பது கொஞ்சம் கூடுகிறது. ஆக, நம் கேட் அருகே நடக்கும் விவாதத்தில் இரண்டு பக்கமும் பாதி சரி. இன்னொன்று எந்த ஆய்வும் இல்லாமலே நமக்குத் தெரியும். அந்த அரை மணி நேரம் உடம்பைக் கீழே போட்டுச் சும்மா இருக்கிறோம். நம் உடம்பை இன்னொருவர் கவனிக்கிறார். கவான்னாவின் பெரிய சேவை இந்தக் கவனிப்புதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கவனிப்பு கடைசியில் தவறிப்போனதுதான் இந்தக் கதையின் சோகம். 1959 டிசம்பரில் கோப்பி, இன்று புர்கினா ஃபாசோ என்று அழைக்கப்படும் அப்பர் வோல்ட்டாவுக்குப் போனார். சில பிரெஞ்சு வீரர்களோடு ஒரு கண்காட்சிப் பந்தயம், பிறகு வேட்டை. அங்கே ரஃபேல் ஜெமினியானி என்ற வீரரும் அவரும் ஒரே அறையில் தங்கினார்கள். கொசுக்கடி இருவருக்கும் பொது. ஊர் திரும்பிய பிறகு இருவருக்கும் காய்ச்சல் வந்தது. பிரான்சில் ஜெமினியானியின் ரத்தத்தைச் சோதித்து மலேரியா என்று கண்டுபிடித்து, கொய்னா கொடுத்தார்கள். நாட்கணக்கில் நினைவில்லாமல் கிடந்தாலும் பிழைத்துக்கொண்டார். இத்தாலியில் கோப்பிக்கு நுரையீரல் தொற்று என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். 1960 ஜனவரி 2-ஆம் தேதி காலை தோர்தோனா மருத்துவமனையில் இறந்தார். வயது நாற்பது. கவான்னா அடுத்த ஆண்டு, 1961-இல் மறைந்தார்.

கண்ணில்லாத ஒருவர் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொண்ட உடம்பு அது. கடைசி வாரத்தில் ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துச் சோதிக்க ஆளில்லாமல் போய்விட்டது. இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் வெளியூர் போய்வந்து காய்ச்சலில் விழுந்தபோது, உடம்பு வலிதானே என்று நான்கு நாள் நானாகவே மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, மனைவியைக் கால் பிடித்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் அவள் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போய்ச் சோதித்தபோதுதான் டெங்கு என்று தெரிந்தது. அவள் கை என் காலில் இருந்த சூட்டைக் கவனித்தது. நான் கவனிக்கவில்லை.

எனவே நம் ஞாயிற்றுக்கிழமை நண்பர்களுக்கு இரண்டு வார்த்தை. நீண்ட தூரம் ஓட்டிவிட்டு வந்தால், கடைசிப் பத்து நிமிடம் மெதுவாக மிதியுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள், அன்று இரவு ஒரு மணி நேரம் கூடத் தூங்குங்கள். வீட்டில் யாராவது காலைப் பிடித்துவிட்டால் தாராளமாக நீட்டுங்கள், வேறொரு நாள் அவர்கள் காலையும் பிடித்துவிடுங்கள். ஆனால் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அதை அழுத்தாதீர்கள். ரத்தக் கட்டியாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலோடு வரும் உடம்பு வலிக்கு மசாஜ் மருந்தல்ல. வெளியூர், வெளிநாடு போய்வந்த பிறகு காய்ச்சல் வந்தால், எங்கே போயிருந்தோம் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

காஸ்தெல்லானியாவில் கோப்பியும் தம்பி செர்சேயும் அருகருகே உறங்குகிறார்கள். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 2019-இல் அந்தக் கிராமத்தின் பெயரையே காஸ்தெல்லானியா கோப்பி என்று மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஜிரோவில் வீரர்கள் கடக்கும் மிக உயரமான கணவாய்க்கும் அவர் பெயர்தான்.

அடுத்த ஞாயிறு காலை சந்திப்போம். நான் இரண்டாவது சிக்னல் வரை வருகிறேன்.

— ஓய்வுபெற்ற வங்கி எழுத்தர், நம் வளாகக் குடியிருப்பாளர்